இழுத்துச் செல்லப்படும் சக்கரங்கள்

வடக்கு – தெற்கு விரைவுச்சாலையில் பயணம் செய்யும்போது, சாலையோரத்தில் கறுத்த இரப்பர்ப் பட்டைகள் சுருண்டு கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இறந்துபோன பாம்பைப் போல் தோன்றும். அருகில் சென்று பார்த்தால், அது ஏதோ ஒரு வாகனத்தின் டயரிலிருந்து உரிந்து விழுந்த மேற்பட்டை என்பது தெரியும். பெரும்பாலும் நீண்ட லோரிகளின் பின்பகுதிச் சக்கரங்களிலிருந்து உரிந்தவையே இவ்வாறு கிடக்கின்றன. டயர் கிழிந்த செய்தி ஓட்டுநருக்கு உடனே தெரிந்திருக்குமா? பல வேளைகளில் தெரிந்திருக்காது. அவர் பிடித்திருக்கும் திசைத்திருப்பிக்கும் அந்தச் சக்கரத்திற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அது வெறுமனே பின்னால் இழுத்துச் செல்லப்படும் சக்கரம்.

இதே சிக்கல், உல்லாசப் பயணத்திற்காக மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் கேரவன் வண்டிகளுக்கும் உண்டு. கேரவன் என்பது சக்கரம் பூட்டிய சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதனுள் இருக்கும். ஆனால், அதற்கென்று இயந்திரம் கிடையாது. முன்னால் செல்லும் வாகனம்தான் அதை இழுத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டில் இவ்வகைப் பயணம் அவ்வளவாகப் பரவவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். அமெரிக்காவில் ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்னும் அலுமினிய கேரவனை உருவாக்கிய வாலி பையம், 1959ஆம் ஆண்டு ஒரு பெரிய குழுவோடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோவை நோக்கிக் கேரவன்களில் புறப்பட்டார். செப்பனிடப்படாத பாதைகளில் நடந்த அந்தப் பயணத்தில் அச்சுகளும் டயர்களும் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

இக்கட்டுரைக்கு நாம் ஆஸ்திரேலியாவின் ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் தென்பகுதியில் நல்லர்போர் என்ற பெருஞ்சமவெளி இருக்கிறது. ‘மரமே இல்லாத இடம்’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. அதன் வழியாகச் செல்லும் ஐயர் நெடுஞ்சாலை, மேற்கே நோர்ஸ்மன் என்ற ஊரையும் கிழக்கே போர்ட் அகஸ்டாவையும் இணைக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அதில் பாலடோனியா, கைகுனா என்னும் இரண்டு சிறு தங்குமிடங்களுக்கு இடையே 146.6 கிலோமீட்டர் தூரத்திற்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. ஏறக்குறைய கோலாலம்பூரிலிருந்து மலாக்கா வரை செல்லும் தூரம்! அவ்வளவு தூரமும் கோடு போட்டதைப் போல் ஒரே நேராகச் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். இடையில் டயர் பட்டறை இல்லை. இங்கே டயர் வெடித்தால், வெயிலில் நின்று மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நேரான சாலைதானே, டயருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். சக்கரங்களும் நேராக இருந்தால் கேடு வராதுதான்.

உங்கள் இரண்டு பாதங்களையும் குனிந்து பாருங்கள். சிலர் நடக்கும்போது பாதவிரல்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும். வேறு சிலருக்கு வெளிநோக்கி இருக்கும். வண்டிச் சக்கரங்களும் அப்படித்தான். மேலிருந்து பார்க்கும்போது, ஓர் அச்சின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அவற்றின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால், அதைப் பட்டறைகளில் ‘டோ’ என்று சொல்வார்கள். பாதவிரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அது. இத்தகைய கோணங்களை அளந்து, அவை இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் வேலையே சக்கர நேரமைப்பு. நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் ‘அலைன்மெண்ட்’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான்.

ஒரு டயரின் விட்டம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்விளிம்பு, பின்விளிம்பைக் காட்டிலும் வெறும் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. உங்கள் அளவுகோலில் மூன்று சிறு கோடுகள். கோணமாகச் சொன்னால் கால் பாகை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வேறுபாடு இது. ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சக்கரம் 700 மில்லிமீட்டர் முன்னேற விரும்பும்போதெல்லாம் 3 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் போக விரும்புகிறது. வண்டியோ அதை நேராக இழுக்கிறது. ஆகவே, அந்த 3 மில்லிமீட்டருக்கு டயர் தார்ச்சாலையின்மீது பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. இதே விகிதத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 4.3 மீட்டர் தேய்க்கப்படும். வளைவே இல்லாத அந்த 146.6 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் 600 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். நோர்ஸ்மனிலிருந்து போர்ட் அகஸ்டா போய்ச் சேரும்போது அது ஏழு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஓர் அழிப்பானை எடுத்துச் சொரசொரப்பான தார்ச்சாலையில் ஏழு கிலோமீட்டர் தூரம் தேய்த்துக்கொண்டு போனால் அதில் என்ன மிஞ்சும்?

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை மேசைமீது நிற்கவைத்து நேராக உருட்டுங்கள். தடையின்றி உருளும். பிறகு, சுருளைச் சற்றே சாய்கோணத்தில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முன்பு போன நேர்க்கோட்டிலேயே தள்ளுங்கள். சுருள் உருளத்தான் செய்யும். ஆனால், கூடவே மேசையில் உரசுவதை உங்கள் விரல்கள் உணரும். அந்த உரசல்தான் டயரைத் தின்கிறது.

மகிழுந்தில் இப்படிப்பட்ட கோளாறு வந்தால் ஓட்டுநர் விரைவில் அறிந்துகொள்வார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். திசைத்திருப்பி கோணலாக நிற்கும். கைகளில் அதிர்வு தெரியும். கேரவனில் இந்த அறிகுறிகள் எதுவுமே கிடையாது. கேரவனுக்குத் திசைத்திருப்பியும் இல்லை, அதனுள் ஆளும் இல்லை. முன்னால் உள்ள வாகனத்தின் எடையும் ஆற்றலும் கேரவனின் முனகலை மூடி மறைத்துவிடுகின்றன. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். அதையும் எதிர்காற்றின்மேல் பழிபோட்டுவிடுவோம். “இழுத்துச் செல்லும் வண்டிக்கெல்லாம் அலைன்மெண்ட் தேவையில்லை” என்று சில பட்டறைகளிலேயே சொல்லிவிடுகிறார்கள். திரும்பும் சக்கரங்களுக்கு மட்டுமே நேரமைப்பு வேண்டும் என்ற தவறான எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், பேசத் தெரியாத குழந்தையைத்தான் மருத்துவர் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. ஒரே அச்சு கொண்ட சிறு கேரவன் ஒன்றில், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கின்றன. ஆனால், அச்சு முழுவதும் சற்றுக் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அந்தக் கேரவன் நண்டைப் போல் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும். பின்னால் வருபவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியும். ஆனால், டயர்கள் அவ்வளவாகத் தேய்வதில்லை! சக்கரங்கள் தாம் விரும்பிய திசையிலேயே உருள்கின்றன; உடல்தான் கோணலாகப் போகிறது. இரண்டு அச்சுகள் உள்ள பெரிய கேரவனிலோ நிலைமை வேறு. முன்னச்சு ஒரு திசையில் போக விரும்பும். பின்னச்சு வேறொரு திசையில் போக விரும்பும். இரண்டும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருப்பதால் எதுவும் தன் விருப்பப்படி போக முடியாது. நாள் முழுவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் நான்கு டயர்களும் தேயும். ஆகவே, இரண்டு அச்சு வண்டிகளில் அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது மிக இன்றியமையாதது.

இரண்டு அச்சு வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதைத் தவிர்க்கவே முடியாது. குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது முன்னச்சின் டயர்களும் பின்னச்சின் டயர்களும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குத் தள்ளப்படுகின்றன. அவ்வேளையில் வெளியே நின்று பார்த்தால், டயர்களின் பக்கச்சுவர்கள் மடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். தங்குமிடங்களில் கேரவனை நிறுத்தும்போது முன்னும் பின்னுமாகப் பலமுறை திருப்பித் திருப்பி நிறுத்துபவர்கள், அதே இடத்தில் தங்கள் டயரின் ஆயுளையும் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அகலமாக வட்டமிட்டுத் திருப்புவது நல்லது.

அடுத்து, வண்டியை முன்னாலிருந்து பார்ப்போம். சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிறதா? இந்தச் சாய்வுக்குக் ‘கேம்பர்’ என்று பெயர். கேரவன் அச்சைச் செய்பவர்கள் அதை நடுவில் மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளைத்தே செய்கிறார்கள். வெறும் வண்டியில் சக்கரங்களின் மேற்பகுதி சற்று வெளியே சாய்ந்திருக்கும். பொருள்களை ஏற்றியதும் பாரம் அச்சின் நடுப்பகுதியைக் கீழே அழுத்த, வளைவு நிமிர்ந்து சக்கரங்கள் செங்குத்தாகிவிடும். ஆக, சரியான பாரம் ஏற்றப்பட்டிருக்கும்போதுதான் அச்சும் சரியான வடிவத்துக்கு வருகிறது. அளவுக்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும்? அச்சு மறுபக்கமாக வளையத் தொடங்கும். சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் சாலையில் அழுந்தித் தேயும். உள்விளிம்பு வண்டியின் அடியில் மறைந்திருப்பதால் நிற்பவர் கண்ணுக்குப் படாது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதியதாகத் தெரியும். உள்ளேயோ கம்பி வலை வெளியே வந்திருக்கும். அளவுக்கு மீறிய பாரம் அச்சைக் கெடுக்கும் என்பது திருக்குறள் காலத்து மாட்டுவண்டிக்காரர்களுக்கே தெரிந்த செய்திதான். கேரவனில் பாரம் ஏற்றுபவர்கள் அதை ஏனோ எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

மறப்பதற்கு ஒரு காரணம், பாரம் சிறிது சிறிதாகச் சேர்வதே. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். 90 லிட்டர் கொள்ளும் தொட்டிகள் இரண்டை நிரப்பினாலே 180 கிலோகிராம். அதோடு மடக்கு நாற்காலி, மிதிவண்டி, மின்கலம், டின் உணவு என்று ஒவ்வொன்றாக ஏறும். சக்கரங்கள் தாங்கும் மொத்த எடை 2,500 கிலோகிராம் என்று கொள்வோம். நான்கு டயர்களுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 625 கிலோகிராம். டயரின் பக்கச்சுவரில் 95 என்ற பாரக் குறியீடு இருந்தால், அது 690 கிலோகிராம் வரை தாங்கும் என்று பொருள். கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால், சமையற்கட்டும் குளிர்பதனப்பெட்டியும் நிறைந்த தொட்டியும் ஒரே பக்கத்தில் இருந்தால்? ஒரு சக்கரத்தின்மீது மட்டும் 750 கிலோகிராம் விழக்கூடும். சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே எடைபோட்டால்தான் உண்மை தெரியும். இதற்காகவே சக்கரத்தின்கீழ் வைக்கும் எடைத்தட்டுகள் இருக்கின்றன.

டயரின் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, தேய்ந்த டயர் ஒரு மருத்துவ அறிக்கையைப் போன்றது. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கலாம். இரண்டு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஆங்காங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் சக்கரம் சமநிலை தப்பித் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது; அதிர்வுதாங்கி இல்லாத கேரவன்களில் இது மிகுதி. ஒரே ஓர் இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது கையால் தடவிப் பார்க்கும் சோதனை. வண்டி நின்றிருக்கும்போது, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காக ஒரு பக்கமிருந்து மறுபக்கத்திற்குத் தடவ வேண்டும். பிறகு எதிர்த்திசையில் தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் இரம்பத்தின் பற்களைப் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், அந்த டயர் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டுக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தேய்மானம் தெரியும் முன்பே கை இதை உணர்ந்துவிடும். கம்பி வெளியே வந்த டயரை இவ்வாறு தடவக் கூடாது, கை கிழிந்துவிடும்.

டயர் தேய்ந்ததும் பலரும் செய்வது என்ன? பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். அச்சு கோணலாகவே இருப்பதால் புதிய டயரும் அதே வழியில் தேயும். இரண்டாவது முறையும் தேய்ந்தால், டயர் நிறுவனம் மோசம் என்று முடிவுகட்டி வேறு நிறுவனத்தின் டயரை வாங்குகிறார்கள். மட்டமான டயர்களும் சந்தையில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், நான்கு டயர்களில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், குற்றம் டயரிடம் இருப்பதைவிட அதை மாட்டிய இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கழற்றிய டயரை எறிவதற்கு முன், அது எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. பட்டறைக்காரருக்கு அதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

நேராக இருந்த அச்சு ஏன் கோணலாகிறது? சாலைப் பள்ளத்தில் வேகமாக இறங்குவது ஒரு காரணம். வளைவில் திரும்பும்போது, பின்னால் வரும் வண்டி முன்னால் சென்ற வாகனத்தின் தடத்திலேயே வருவதில்லை. அது உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். நீண்ட லோரிகள் சந்திப்பில் திரும்பும்போது இதை நீங்கள் கவனித்திருக்கலாம். அப்போது கேரவனின் சக்கரம் சாலையோர விளிம்புக்கல்லில் ஏறி இறங்கினால், அந்த ஒரு மோதலே போதும். பட்டைவிற்களின் முனைகளில் இருக்கும் சிறு உறைகள் தேய்ந்து தளர்ந்துபோவதும் உண்டு. சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சரியாகப் பொருத்தப்படாமல் வந்துவிடுகின்றன.

அளந்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நீண்ட அளவுநாடா ஒன்றும் பொறுமையும் போதும். முதலில் வண்டியைச் சமதரையில் சிறிது தூரம் நேராக முன்னோக்கி இழுத்து நிறுத்த வேண்டும். பின்னோக்கித் தள்ளி நிறுத்தினால் விற்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அளவைக் கெடுத்துவிடும். பிறகு, வண்டியின் முன்முனையில் உள்ள இணைப்புக் கொண்டியின் நடுப்புள்ளியிலிருந்து முன்னச்சின் இடமுனை வரை அளக்க வேண்டும். அதே புள்ளியிலிருந்து வலமுனை வரையிலும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் அச்சு வண்டிக்குச் செங்குத்தாக இருக்கிறது. இருசமபக்க முக்கோணத்தைப் பற்றி நீங்கள் கணிதப் பாடத்தில் படித்ததுதான் இது. அடுத்து, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும். இந்த இரண்டு சோதனையிலும் வேறுபாடு சில மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். சக்கரங்களின் உள்நோக்கிய திருப்பத்தை அளக்க, வண்டியைத் தூக்கி நிறுத்தி டயரைச் சுழற்றி, அதன் நடுவே ஒரு கோடு கீற வேண்டும். இடச்சக்கரக் கோட்டுக்கும் வலச்சக்கரக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரே உயரத்தில் அளந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வண்டியைத் தூக்குவது ஆபத்தான வேலை. அதைப் பெரியவர்களிடம், அதுவும் பழக்கப்பட்டவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

சரிசெய்யும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆஸ்திரேலியாவில் கரடுமுரடான பாதைகளுக்கென்று செய்யப்படும் கேரவன்கள் பலவற்றில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி வில்லமைப்பில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் திருகுகளைத் தளர்த்திக் கோணத்தை மாற்றலாம். ஆனால், ஒரே நீண்ட இரும்பு அச்சு பூட்டிய வண்டிகளில் மாற்றுவதற்குத் திருகே கிடையாது. நீரியல் அழுத்தியைக் கொண்டு அச்சையே நுட்பமாக வளைத்து நிமிர்த்த வேண்டும். இல்லையேல் புதிய அச்சு மாற்ற வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் லோரி அச்சுகளைச் சரிபார்க்கும் பட்டறைகளே இதைச் செய்கின்றன.

நேரமைப்பைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கேரவன் டயர்களுக்கு அதைவிடப் பெரிய பகை ஒன்று உண்டு. அது சும்மா நிற்பது. ஆண்டில் சில வாரங்கள் ஓடிவிட்டு, மீதி மாதங்களெல்லாம் வெயிலில் நிற்கும் கேரவன்கள் பல. டயர் இரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடும்போது மடங்கி நிமிர்வதால் அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலுள்ள ஓசோனிலிருந்து இரப்பரைக் காக்கும். நிற்கும் டயரில் அது கசிவதில்லை. பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். மேற்பட்டை நன்றாக இருக்கும். ஆயினும் டயர் கிழடாகிவிடும். ஆகவே, டயரின் வயதைப் பார்க்கப் பழக வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3521 என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். உங்கள் வீட்டு மகிழுந்தின் டயரிலும் இந்த எண் உண்டு. இன்று மாலையே பார்க்கலாம். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும் என்ற விதி நமக்குத் தெரியும். கேரவன் டயர்களோ அந்த அளவுக்குத் தேயும் முன்பே முதுமையால் கெட்டுவிடுவதுண்டு.

பாரம் சுமக்கும் டயர்களில் இயற்கை இரப்பரைக் கணிசமாகச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மடங்கி நிமிரும்போது அது செயற்கை இரப்பர் வகைகள் பலவற்றைக் காட்டிலும் குறைவாகவே சூடேறும். நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காடுகளில் சேகரித்த பால், இப்படித்தான் உலகச் சாலைகளில் ஓடியது. டயருக்குச் சூடுதான் எமன். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும், சூடு ஏறும், இரப்பருக்கும் உள்ளிருக்கும் கம்பி வலைக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். பின்னர் ஒரு நொடியில் மேற்பட்டை உரிந்துவிடும். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி புறப்படுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு அந்த டயரில் காற்று குறைவாக இருக்கும்.

கேரவனின் டயர் வெடிக்கும்போது இழப்பு டயரோடு நிற்பதில்லை. உரிந்த பட்டை, சுழலும் சக்கரத்தோடு சேர்ந்து சாட்டையைப் போல் அடிக்கும். சக்கரத்திற்கு மேலே இருப்பது மெல்லிய தகடு. அதன் அருகில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும், சில வண்டிகளில் எரிவாயுக் குழாயும் செல்கின்றன. இரண்டு அச்சு வண்டியில் ஒரு டயர் போனதும் அதன் பாரம் பக்கத்து டயரின்மேல் விழும். அதுவும் சிறிது தூரத்தில் வெடிக்கக்கூடும். வேகமாகச் செல்லும்போது வண்டி பாம்பைப் போல் ஆடத் தொடங்கினால், முன்னால் செல்லும் வாகனத்தில் இருக்கும் குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து. இதனால், இன்று பலர் டயரின் காற்றழுத்தத்தையும் சூட்டையும் ஓட்டுநருக்குக் காட்டும் மின்னணு உணரிகளைப் பொருத்துகிறார்கள். வாய் பேசாத சக்கரத்திற்கு இவை குரல் கொடுக்கின்றன.

உணரி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பெட்ரோல் நிரப்ப நிற்கும் இடங்களிலெல்லாம் அனுபவமுள்ள கேரவன் பயணிகள் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார்கள். ஒவ்வொரு டயரின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை உணர்வார்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அதில் காற்று குறைந்திருக்கலாம், பாரம் கூடியிருக்கலாம், அல்லது அது கோணலாக இழுபட்டுக்கொண்டு வரலாம். சக்கரத்தின் நடுப்பகுதியும் கொதித்தால் பிரேக்கோ உருளைத்தாங்கியோ பழுதாகியிருக்கலாம். ஒரு பக்கத்து டயர்கள் இரண்டும் சிறிது கூடுதலாகச் சூடாக இருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் அப்பகுதியில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கு வானில் இருக்கும். நல்லர்போரில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு வடக்கு என்பது இடப்பக்கம். அந்தப் பக்கத்து டயர்கள் வெயிலில் காய்ந்துகொண்டே வருகின்றன, அவ்வளவுதான்.